மூன்றாம் வாரமும் ஏழாம் வாரமும்: தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் ‘மலச்சிக்கல்’ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறையிலிருந்து மன்னவனூர் போகும் சாலையை ஒட்டிய ஒரு மலைக் கிராமம். தாய்க்கு 23 வயது. தலைப்பிரசவம் என்பதால் தாய் வீட்டில் இருந்தார். நிறைமாதத்தில், அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமாகப் பிறந்த பெண் குழந்தை. பிறப்பு எடை 2,800 கிராம். முதல் கருமலம் பிறந்த அன்றே போய்விட்டதாக அட்டையில் குறிப்பு இருந்தது. 21ஆம் நாள் வீட்டு வருகைக்குப் போனபோது குழந்தையின் அம்மாச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை மூணு நாளா வெளிக்கிப் போகல நர்சம்மா. விளக்கு வெச்சாப் போதும், பத்து மணி வரைக்கும் ஒரே அழுகை. வயித்துல வாயு கட்டியிருக்கு. ஏதாச்சும் சொட்டு மருந்து குடுங்க.”

கைக்குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் கேட்கும் புகார்தான். இதே குழந்தை ஏழாம் வாரத்தில் மறுபடியும் ஆறு நாள் வெளிக்குப் போகாமல் இருந்தது. முதல் முறை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பினோம். இரண்டாம் முறை எதுவும் செய்யாமல் விட்டோம். ஒரே குழந்தை, ஒரே புகார், முடிவு மட்டும் நேர் எதிர். ஏன் என்று விளக்கத்தான் இந்தக் குறிப்பு. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வீட்டில் அதற்குள் நடந்தவை

நாங்கள் போவதற்கு முன்பே வீட்டு வைத்தியம் ஒரு சுற்று முடிந்திருந்தது. காலையும் மாலையும் கிரைப் வாட்டர், நடுவில் ஓமத் தண்ணீர், அழுகை நிற்காத வேளைகளில் பாலாடையில் சர்க்கரைத் தண்ணீர். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவியிருந்தார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு அப்பத்தா சேலையில் போட்டு உருட்டியும் பார்த்திருந்தார். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைத்ததில் ஒருமுறை கொஞ்சம் மலம் வந்திருந்தது. அதனால் அந்த வைத்தியத்தின் மேல் வீட்டாருக்கு நம்பிக்கை கூடியிருந்தது. வத்தலக்குண்டிலிருந்து வந்துபோன குழந்தையின் அப்பா, மருந்துக் கடையில் கேட்டு ஒரு வாயு சொட்டு மருந்தும் வாங்கி வைத்திருந்தார்.

இதற்கெல்லாம் யாரையும் திட்டக் கூடாது என்பது என் கட்சி. திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள், சொல்லாவிட்டால் நமக்குத் தெரியாது. அப்படித் திட்டாமல் கேட்டதால்தான் இன்னொன்று வெளியே வந்தது. பிறந்த அன்று சேனை தொட்டு வைத்தபோது நாக்கில் வைத்தது மலைத்தேன்.

தேன் என்றதும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழனி மலையில் பளியர்கள் எடுத்து வரும் தேனுக்கு நல்ல பெயர் உண்டு, பெரியவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் எந்தத் தேனிலும், எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், போட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடலில் அவை முளைக்காது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கலாம். அந்த நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கல்தான். அப்புறம் கண் இமை தொங்கும், அழுகை மெலியும், உறிஞ்சும் வலு குறையும், கழுத்தும் கைகாலும் துவளும். ஆகவே தேன் பட்ட குழந்தை வெளிக்குப் போகவில்லை என்றால் முதலில் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் குழந்தை கண்ணை அகலத் திறந்து விளக்கைப் பார்த்தது, விரலை வைத்தால் இறுகப் பிடித்தது, போர்வையை எடுத்ததும் வீடு அதிரக் கத்தியது. அந்தக் கவலை அப்போதைக்கு விலகியது.

எடை

துணி, தொப்பி எல்லாம் கழற்றித் தராசில் போட்டோம். 2,790 கிராம்.

பிறந்த முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு. பத்து சதவீதம் வரை குறையலாம். ஆனால் 10 முதல் 14 நாளுக்குள் பிறப்பு எடைக்குத் திரும்பிவிட வேண்டும், அதன் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். மூன்று வாரம் முடிந்தும் இந்தக் குழந்தை பிறப்பு எடையைத் தொடவில்லை. ஒரு நாளில் சிறுநீர் பட்ட ஈரத் துணி எத்தனை என்று கேட்டதற்கு அம்மாச்சி, “நாலு, மிஞ்சினா அஞ்சு” என்றார். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறுக்குக் குறையக் கூடாது. கடைசியாகப் போன மலம் கொஞ்சமே கொஞ்சம், பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் மாதத்தில் ஒரு நாளில் மூன்று நான்கு தடவை, சில குழந்தைகள் ஒவ்வொரு முறை குடித்ததும்கூட, மஞ்சளாகத் தளர்ந்து போகும். சீம்பாலே ஒரு மலமிளக்கி. பால் உள்ளே போகப் போகக் குடல் தானாகத் தள்ளும்.

அதாவது இது குடலில் அடைத்துக்கொண்ட மலச்சிக்கல் இல்லை, வெளியே வரும் அளவுக்கு உள்ளே எதுவும் போகவில்லை. முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு தாய்ப்பால் குழந்தை வெளிக்குப் போகவில்லை என்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி பால் போதுமான அளவு இறங்குகிறதா என்பதுதான். மருந்தைத் தேடுவது அதற்குப் பிறகு.

குடிப்பதை முழுதாகப் பார்த்தோம்

தாய்க்கும் சேய்க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு முழு வேளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவசரப்படக் கூடாது.

மார்கழி மாதம். காலையில் புல் மேல் உறைபனி படியும் ஊர். குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், இரண்டு தொப்பி, கையுறை, காலுறை, அதன் மேல் இறுகச் சுற்றிய கம்பளி. அத்தனையோடும் மடியில் மல்லாக்கக் கிடத்தி, குழந்தையின் தலையை மட்டும் பக்கவாட்டில் திருப்பி வாயில் காம்பைக் கொடுத்தார் அம்மா. தாடை மார்பைத் தொடவே இல்லை, காம்பின் நுனி மட்டும் வாயில். சப் சப் என்று வேகமாகச் சப்பியது. விழுங்கும் சத்தம் கேட்கவில்லை. காம்பில் வெடிப்பு இருந்ததால் ஒவ்வொரு சப்பலுக்கும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் செல்போன் மணி அடித்தது. இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று யாரோ சொல்லிக் கொடுத்த கணக்கு. பக்கம் மாற்றினார். அதற்குள் கம்பளியின் சூட்டில் குழந்தை தூங்கிவிட்டது. “வயிறு நிறைஞ்சிருச்சு” என்று தூக்கிக்கொண்டு போனார்கள்.

வயிறு நிறையவில்லை. முதலில் வரும் முன்பாலில் கொழுப்பு குறைவு. மார்பு காலியாகக் காலியாகத்தான் கொழுப்பு கூடும். காம்பின் நுனியில் சப்பும் குழந்தைக்கு அந்தப் பின்பால் போய்ச் சேராது. மார்பு காலியாகவில்லை என்றால் அடுத்த வேளைக்குச் சுரப்பதும் குறையும். இதற்கு மேல், கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு 60, 70 மில்லி வந்தது. இந்த வயதில் அது ஏறக்குறைய ஒரு வேளைப் பாலின் இடம். இரவு பத்துக்கு மேல் விடியும் வரை குளிரில் எழுப்ப வேண்டாம் என்று பாலே கொடுக்கவில்லை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் என்பதால் அந்த ஏழு மணி நேர இடைவெளி இரட்டை நட்டம்.

இன்னொன்று, யாரும் கேட்காமல் விட்டது. மலச்சிக்கல் உண்மையில் அம்மாவுக்குத்தான் இருந்தது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும், பால் நீர்த்துப் போகும் என்று நாளைக்கு நாலு டம்ளரோடு நிறுத்தியிருந்தார்கள். தையல் வலி வேறு. வெளிக்குப் போகவே பயந்து அடக்கிக்கொண்டிருந்தார். தண்ணீரைக் கூட்டிக் குடித்தால் பால் கூடிவிடும் என்பதில்லை, குறைத்தால் பால் கெட்டியாகும் என்பதும் இல்லை. ஆனால் தாகத்துக்குக்கூடக் குடிக்காத ஓர் அம்மா வலியோடு உட்கார்ந்து எப்படி நிதானமாகப் பால் கொடுப்பாள்?

செய்தவை

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்: மெத்தென்று இருந்தது. ஆசனவாய் சரியாக இருந்தது, காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. தைராய்டு குறைவாக இருந்தாலும் குழந்தை மந்தமாகவும் மலச்சிக்கலோடும் இருக்கும் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், முடிவு சரியாகவே வந்தது. மருந்து என்று எதுவும் எழுதவில்லை. இது அம்மாச்சிக்குப் பெரிய ஏமாற்றம்.

கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு, வெற்றிலைக் காம்பு எல்லாம் அன்றோடு நின்றன. கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்த சரக்கு. அந்தக் காலத்தில் அதில் சாராயமும் கலந்திருந்தது, குழந்தை ஏன் அமைதியானது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. இப்போது வருவதில் சாராயம் இல்லை என்றாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு. அப்பா வாங்கி வந்த வாயு சொட்டு மருந்தும் ஆய்வுகளில் மருந்தில்லாத வெறும் சொட்டைவிட மேலாக வேலை செய்ததாக நிரூபிக்கப்படவில்லை. அதை அலமாரியிலேயே விட்டோம்.

பால் கொடுக்கும் முறைதான் முக்கிய வேலை. குழந்தையின் கம்பளியை அவிழ்த்து, இடுப்புத் துணியோடு மட்டும் அம்மாவின் வெறும் மார்பில் போட்டு, இருவர் மேலும் சேர்த்து ஒரு போர்வை. தாயின் உடம்புச் சூடு போதும், மார்கழிக்கும் போதும். குழந்தையின் வயிறு அம்மாவின் வயிற்றைப் பார்த்திருக்க வேண்டும். மூக்குக்கு நேராகக் காம்பை வைத்து, கொட்டாவி விடுகிற மாதிரி வாய் அகலத் திறக்கும் வரை பொறுத்து, தாடை முதலில் படும்படி சட்டென்று அணைக்க வேண்டும். மூன்றாவது முறை சரியாகப் பொருந்தியது. சப்பல் மெதுவானது. இரண்டு சப்பலுக்கு ஒரு விழுங்கல், ‘க்க’ என்ற அந்தச் சின்னச் சத்தம். அம்மா நிமிர்ந்து, “வலிக்கல சிஸ்டர்” என்றார்.

செல்போன் மணியை அணைத்துவிட்டோம். ஒரு பக்கம் தளர்ந்து மெத்தென்று ஆகும் வரை கொடுத்து, பிறகு மறுபக்கத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். வேண்டும் என்றால் குடிக்கட்டும். 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, இரவு உட்பட. எடை ஏறும் வரை ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கையால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுக்கச் சொன்னோம். அதே பாலாடைதான், உள்ளே இருப்பது மட்டும் மாறியது.

அம்மாவின் சாப்பாட்டில் பூண்டை நிறுத்த வேண்டுமா என்று கேட்டார்கள். வாயுவுக்குப் பூண்டுதான் காரணம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊரில் பிரசவித்தவளிடம் பூண்டை நிறுத்து என்று சொல்ல நல்ல காரணம் வேண்டும். அப்படி ஒரு காரணம் இல்லை. அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லா, கேரி போஷம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்து 1991இல் வெளியிட்டார்கள். பூண்டு மணம் பாலில் ஏறியது உண்மை. ஆனால் குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, மார்பில் கூடுதல் நேரம் இருந்தார்கள். பூண்டுக் குழம்பு தொடர்ந்தது. கூடவே தாகத்துக்குத் தண்ணீரும் கீரையும் பழமும்.

இரண்டாம் நாளே மலம் போனது. 24ஆம் நாள் எடை 2,910. அதற்குள் நாளைக்கு நாலைந்து தடவை மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தது, ஈரத் துணி ஏழெட்டு. 28ஆம் நாள் 3,060. பாலாடையை நிறுத்திவிட்டோம்.

அந்தி அழுகை

மலம் சரியானது, எடை ஏறியது. ஆனால் அழுகை நிற்கவில்லை. நான்காம் வாரத்தில் சற்றுக் கூடியது என்றே சொல்ல வேண்டும். இங்கேதான் நிறைய வீடுகளில் நம்பிக்கை உடைந்து மறுபடி கிரைப் வாட்டர் அலமாரியிலிருந்து இறங்கும்.

ஆகவே இது வரும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். டி. பெர்ரி பிரேசல்டன் என்ற குழந்தைநல மருத்துவர் 1962இல், 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரை விட்டுக் குறித்துவைக்கச் சொல்லி ஒரு கணக்கு எடுத்தார். இரண்டாம் வாரத்தில் நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம், பிறகு இறங்குமுகம். அவையெல்லாம் நோயில்லாத குழந்தைகள். அழுகை கூடுதலாகக் குவிந்தது மாலையில். அதற்கு எட்டு ஆண்டு முன்னால் மோரிஸ் வெசல் சொன்ன ‘மூன்று’ கணக்கு இன்னும் பிரபலம்: நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் என்றால் அது கோலிக். நல்ல எடை ஏற்றம் உள்ள குழந்தையின் அந்தி அழுகைக்கு நாம் வைக்கும் பெயர் உரமோ வாயுவோ, அது போகும் பாதை இதேதான்.

இந்த வீட்டில் அந்தி நேரத்தை ஒருநாள் இருந்து பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, விளக்கு வைத்ததிலிருந்து குழந்தை அரை மணிக்கு ஒருமுறை மார்பைத் தேடியது. மாலையில் பால் மெதுவாக வரும், அதை இப்படி அடுக்கடுக்காகக் குடித்துச் சரிக்கட்டுவது பல குழந்தைகளின் பழக்கம். வீட்டார் அதைப் பால் பற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, அதே நேரத்தில்தான் விறகடுப்பு எரியும், சாம்பிராணி போடுவார்கள், குளிருக்குக் கரிச்சட்டியும் அறைக்குள் வரும். சன்னல் சாத்தியிருக்கும். கரிச்சட்டியை உடனே வெளியே எடுக்க வைத்தேன். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினேன்.

அப்புறம் ஏற்பாடு எளிது. ஆறு மணிக்கு முன்பே அம்மா சாப்பிட்டுவிட்டு, புகை வராத உள்அறையில் குழந்தையோடு உட்கார்ந்துவிடுவார். மணிக்கு எத்தனை முறை கேட்டாலும் பால். நடுவில் அம்மாச்சி தோளில் போட்டு நடப்பார். தொப்புளைச் சுற்றி வலஞ்சுழியாகக் கைவைத்து மெதுவாகத் தடவுவதும், முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்ப்பதும் பால் குடித்து முடித்த உடனே செய்யாமல் சற்றுப் பொறுத்து. விளக்கு மங்கல், பார்க்க வருபவர்களுக்குப் பகலில்தான் அனுமதி. கை சோர்ந்து கோபம் வந்தால் குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் நிற்கலாம், ஒருபோதும் குலுக்கக் கூடாது. இது வெட்கப்படும் விஷயம் இல்லை என்று அம்மாவிடம் தனியாகச் சொன்னோம்.

அழுகை ஆறாம் வாரம் வரை குறையவில்லை. அதன் பிறகு இரண்டரை மணி நேரம் ஒன்றரையானது, பிறகு முக்கால். எங்கள் ஏற்பாட்டால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று கேட்டால், பாதிக்கு மேல் தானாகத்தான் என்பேன்.

முக்கலுக்கும் சிக்கலுக்கும் உள்ள தூரம்

ஐந்தாம் வாரத்தில் ஒரு புதுப் புகார். பத்துப் பதினைந்து நிமிடம் முகம் சிவக்க முக்குகிறது, அழுகிறது, ஆனால் கடைசியில் வருவது இளகிய மலம். இதுவும் மலச்சிக்கல் இல்லை. வயிற்றை முக்கும்போது கீழ்த்தசையைத் தளர்த்த வேண்டும் என்ற ஒத்திசைவு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். சில வாரத்தில் தானே கற்றுக்கொள்ளும். வெற்றிலைக் காம்போ சோப்புத் துண்டோ வைத்தால் அன்றைக்கு மலம் வரும், ஆனால் தூண்டினால்தான் வரும் என்று உடம்பு பழகிக்கொள்ளும். காம்பு கிழித்துப் புண்ணும் ஆகலாம். உண்மையான மலச்சிக்கல் என்றால் மலம் ஆட்டுப் புழுக்கையாக, கெட்டியாக, சில நேரம் ரத்தக் கீறலோடு வரும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையிடம் அது அபூர்வம்.

ஏழாம் வாரம்

42ஆம் நாள் எடை 3,560. அதன் பிறகு மலம் நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள். 50ஆம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாச்சியே வந்துவிட்டார், இடுப்பில் வெற்றிலையும் இருந்தது என்று பிறகு சொன்னார்.

எடை 3,830. ஈரத் துணி ஏழு. வயிறு மெத்தென்று இருந்தது, வாயு பிரிகிறது, பால் வழக்கம்போல் குடிக்கிறது, முகம் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கியிருந்தது. இந்த வயதில் குடல் முதிர்ந்து, தாய்ப்பாலை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. கழிவு என்று மிஞ்சுவது கொஞ்சம்தான், அது சேர நாளாகும். ஆறு வாரத்துக்கு மேல், எடை ஏறும் தாய்ப்பால் குழந்தை ஒரு வாரம், சில சமயம் பத்து நாள்கூட, போகாமல் இருந்து பிறகு இளகலாகப் போகும். மூன்றாம் வாரத்தில் மூன்று நாள் எங்களை ஓட வைத்தது. இப்போது ஆறு நாளுக்கு யாரும் எழவே இல்லை. அம்மாச்சிக்கு இது சுலபமாகப் புரிந்துவிட்டது, ஏனென்றால் தராசை அவரே பார்த்தார்.

மலம் நின்ற எட்டாம் நாள் போனது. குழந்தையின் துணி, பாவாடை, அம்மாச்சியின் மடி, பாய் எல்லாம். இளகல், மஞ்சள்.

ஆனால் எந்த வயதானாலும் பொறுக்கக் கூடாதவை உண்டு என்று அம்மாச்சி வந்த 50ஆம் நாளே மறுபடி சொல்லி அனுப்பியிருந்தோம். பச்சை நிற வாந்தி, இறுகி உப்பிய வயிறு, மலத்தில் ரத்தம், சுண்ணாம்பு நிற மலம், 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது. பிறந்து 48 மணி நேரத்தில் கருமலம் போகாத குழந்தைக்குக் குடல் நரம்புக் கோளாறு இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். இந்த ஊர்களிலிருந்து முதலில் கொடைக்கானல், அங்கே முடியாதென்றால் மலை இறங்கித் தேனி, திண்டுக்கல் அல்லது மதுரை. மலைப்பாதையில் சில மணி நேரம் அப்படியே போய்விடும், மழைக் காலத்தில் மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108.

பன்னிரண்டாம் வாரத்தில் அந்தி அழுகை அரை மணிக்குள் வந்துவிட்டது. மலம் நாலைந்து நாளுக்கு ஒருமுறை. ஐந்தாம் மாதம் அம்மா பூண்டுக் காட்டு வேலைக்குத் திரும்புகிறார். காலையில் பீய்ச்சி வைக்கும் பால் இந்தக் குளிரில் மூடிய பாத்திரத்தில் நாலு மணி நேரம் தாங்கும், பாலாடையில் அம்மாச்சி கொடுப்பார், மதியம் அம்மாவே வீட்டுக்கு வந்து ஒரு வேளை கொடுத்துவிட்டுப் போவார் என்று ஏற்பாடு. ஆறு மாதம் முடிந்து கூழ் தொடங்கும்போது மலம் கெட்டியாகும், அப்போது இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் அட்டையின் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.